கோளாறு வந்தால் சிவப்பு எரிய வேண்டும்

மழைக்காலத்துக் காலை நேரம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் பல்லாவரம் தாண்டி நடுவழியில் நின்றுவிட்டால், பெட்டிக்குள் முதலில் கிளம்பும் பேச்சு "சிக்னல் ஃபெயிலியராம்" என்பதுதான். வேலைக்கு நேரமாகிறது, நிற்க இடமில்லை, காற்று இல்லை. எரிச்சல் வருவது நியாயமே. ஆனால் அந்த நேரத்தில் தண்டவாளத்தின் ஓரம் இருக்கும் கருவி என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனக்குக் கோளாறு வந்ததை அது மறைக்கவில்லை. "என்னை நம்பி ரயிலை ஓட்டாதே" என்று சிவப்பைக் காட்டி, சில ஆயிரம் பேரை ஏற்றிய வண்டியை நிறுத்திவிட்டது.

பழுதே ஆகாத கருவியை யாரும் இதுவரை செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. கம்பி அறும், துரு பிடிக்கும், எலி கடிக்கும், மின்சாரம் போகும். ஆகவே பாதுகாப்புக் கருவியை வடிவமைக்கும் பொறியாளர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இது பழுதானால் எந்தப் பக்கம் விழும் என்பது. ஆபத்தின் பக்கம் விழுமா, காப்பின் பக்கம் விழுமா? காப்பின் பக்கம் விழும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதைத்தான் பொறியியலில் ஃபெயில்-சேஃப் என்கிறார்கள். சென்னையின் தென்புறநகர் மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் கடற்கரை – தாம்பரம் தடம் முழுக்க இந்த ஒரே யோசனையின் மேல்தான் ஓடுகிறது. அந்த யோசனை எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதைப் பயணிகளான நாம் தெரிந்துகொள்வது நல்லது.

தொண்ணூறு ஆண்டு தாண்டிய தடம்

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் ஓடியது. ஆறே ஆண்டுகளில், 1931 மே 11 அன்று, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் அமைத்த அந்தப் பாதை மீட்டர் கேஜ். நாட்டில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் தடம் அதுதான். ஏரிகளும் வயல்களும் குன்றுகளுமாக இருந்த பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் குடியிருந்துகொண்டே பாரிமுனையில் வேலை பார்க்கலாம் என்ற நிலைமையை அந்தத் தடம் உண்டாக்கியது. இன்றைய தென்புறநகர் வளர்ந்ததே அதன் கரையில்தான்.

தொடக்கத்தில் மேல்கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1967-இல் அதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றினார்கள். ஏன் இந்தப் பெரிய மாற்றம்? ஒரு ரயிலுக்கு 2,000 கிலோவாட் திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதைக் கொடுக்க ஆயிரத்து முந்நூறு ஆம்பியருக்கு மேல் கம்பியில் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். கம்பி சூடேறி வீணாகும் மின்சாரம், ஓடும் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதனால் ஒரே தடிமன் கம்பியில் அந்த இழப்பு ஏறத்தாழ 280-இல் ஒரு பங்காகக் குறைகிறது. கம்பி மெலியலாம், துணை மின்நிலையங்களைத் தூரம் தூரமாக வைக்கலாம். 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் விடைபெற்று, தடம் முழுக்க அகலப்பாதை ஆயிற்று.

உயர் அழுத்தத்துக்கு ஒரு விலை உண்டு. 25,000 வோல்ட் மின்சாரம் தொட்டால்தான் தாக்கும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். மின்சாரம் உள்ள கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் யாரும் எதுவும் போகக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. நிறுத்தி வைத்த சரக்கு வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போன இளைஞர்கள் கருகிப்போன செய்திகளுக்குக் காரணம் இதுதான். அவர்கள் கம்பியைத் தொட்டிருக்கவே தேவையில்லை. கம்பி அறுந்து விழுந்தாலும், மரக்கிளை சாய்ந்தாலும், துணை மின்நிலையத்தின் சர்க்யூட் பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். ரயில் நிற்கும், மின்விசிறி நிற்கும், பயணி திட்டுவார். ஆனால் விழுந்த கம்பி உயிரை வாங்கும் ஆபத்து பெருமளவு குறையும்.

தண்டவாளமே காவல்காரன்

ஒரு ரயில் எங்கே நிற்கிறது என்று பின்னால் வரும் ரயிலுக்கு எப்படித் தெரிகிறது? விடை தண்டவாளத்துக்குள்ளேயே இருக்கிறது. பாதையைச் சில நூறு மீட்டர் நீளத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அடுத்ததிலிருந்து மின்காப்பு வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டின் ஒரு முனையில் சில வோல்ட் மட்டுமே உள்ள சிறு மின்சாரத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் கொடுப்பார்கள். மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தச் சாவி இருக்கும். பாதை காலியாக இருந்தால் மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய் ரிலேயை இழுத்துப் பிடித்துவிட்டு, மறு தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரிலே இழுபட்டிருக்கும்வரை சிக்னலில் பச்சை வரலாம். ரயில் உள்ளே நுழைந்ததும் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துக் குறுக்குப் பாதை போட்டுவிடும். ரிலேக்குப் போக வேண்டிய மின்சாரம் அச்சு வழியாகவே திரும்பிவிடும். பிடி விட்ட ரிலே தன் எடையாலோ வில்லின் அழுத்தத்தாலோ கீழே விழும். சிக்னல் சிவப்பாகும். இதற்கு ட்ராக் சர்க்யூட் என்று பெயர்.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், ரயில் வந்தால் மட்டும் ரிலே விழுவதில்லை. பேட்டரி தீர்ந்தாலும் விழும், கம்பி அறுந்தாலும் விழும். தண்டவாளம் விரிசல் கண்டு உடைந்தாலும் பெரும்பாலும் விழும். எல்லாக் கெடுதலும் போய்ச் சேரும் இடம் சிவப்பு.

இது முதல் நாளே யாருக்கும் தோன்றிவிடவில்லை. அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ராபின்சன் முதலில் செய்து பார்த்த அமைப்பு இதற்கு நேர்மாறானது. ரயில் வரும்போது மின்சுற்று மூடிக்கொள்ளும், காந்தம் வேலை செய்யும், சிக்னல் ஆபத்து காட்டும். ரயில் இல்லாதபோது மின்சாரமே ஓடாது. பார்க்கச் சிக்கனமான ஏற்பாடுதான். பென்சில்வேனியாவில் கின்சுவா என்ற இடத்தில் அதை நிறுவிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. கம்பி அறுந்திருந்தால் ரயில் வந்தாலும் காந்தம் வேலை செய்யாது, சிக்னல் "பாதை காலி" என்று பொய் சொல்லும். ராபின்சன் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். பாதை காலியாக இருக்கும்போது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அது நிற்பதே ஆபத்தின் அறிகுறியாக இருக்கட்டும் என்று மாற்றி, 1872-இல் காப்புரிமை பெற்றார். பச்சையைச் சம்பாதித்தாக வேண்டும், சிவப்பு தானாக வரும். உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் ரயிலில் உயிரோடு போய்ச் சேர்வதற்கு அந்தத் திருப்பமே அடிப்படை.

கடற்கரை – தாம்பரம் தடத்தில் சிக்னல்கள், பாதை காலியா இல்லையா என்ற இந்தத் தகவலைக் கொண்டு தாமாகவே மாறுகின்றன. ரயில் கடந்ததும் அதன் பின்னால் சிவப்பு, அடுத்து ஒற்றை மஞ்சள், அதற்கும் பின்னால் இரட்டை மஞ்சள், பிறகு பச்சை. அறுநூறு டன் எடையுள்ள ரயில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும்போது சாதாரணமாக பிரேக் போட்டால் நிற்க ஏறத்தாழ முந்நூறு மீட்டர் வேண்டும். சிவப்பைப் பார்த்த பிறகு பிரேக் போட்டால் போதாது என்பதால்தான் மஞ்சளும் இரட்டை மஞ்சளும் முன்னறிவிப்பாக நிற்கின்றன. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்றாக ரயில் விட முடிகிறது. பாதுகாப்பும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில். முன்னால் போகும் வண்டி எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் பின்னால் வருவதைத் துணிந்து நெருக்கிவிட முடியும்.

மழை வந்தால் ஏன் நிற்கிறது

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, அடையாறு கரை புரண்டது, ரயில்கள் நின்றன. அப்படிப்பட்ட பேய்மழை வேண்டாம், சாதாரண வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தேங்கினாலே சிக்னல் கோளாறு வருவதைப் பார்க்கிறோம். காரணம் ட்ராக் சர்க்யூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. சேறு கலந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு, ஜல்லி வழியாக, மின்சாரம் கசியும். ரிலேக்குப் போய்ச் சேரும் மின்சாரம் குறைந்து அது விழுந்துவிடும். ரயில் இல்லாத இடத்தில் ரயில் நிற்பதாகக் கருவி முடிவு செய்கிறது. இந்தத் தவறு பாதுகாப்பான தவறு, ஆனால் ஊரையே தாமதப்படுத்தும் தவறு.

இதற்கு மாற்றாகப் பல இடங்களில் ஆக்ஸில் கவுன்ட்டர் என்ற கருவியை வைத்துவருகிறார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் பொருத்திய உணர்விகள், உள்ளே போன அச்சுகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று காந்தப் புலத்தால் எண்ணும். உள்ளே போன அத்தனையும் வெளியே வந்துவிட்டால் பாதை காலி. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும், கருவிக்கே குழப்பம் வந்தாலும் சிவப்பு. தண்டவாளங்களுக்கு நடுவே கசியும் தண்ணீர் இதைப் பாதிப்பதில்லை. ஆனால் உடைந்த தண்டவாளத்தை இது காட்டிக்கொடுக்காது. எனவே எந்த இடத்தில் எது, எங்கே இரண்டும் வேண்டும் என்பதைத் தரையின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை என்று ஒவ்வொரு மழையும் நமக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. வடிகாலைச் சரிசெய்வதும் சிக்னல் வேலைதான் என்று மாநகராட்சியும் ரயில்வேயும் சேர்ந்து உணர வேண்டும்.

தாம்பரம் யார்டில் நடந்தது

2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் யார்டு மறுசீரமைப்புக்காகப் பல மின்சார ரயில்கள் ரத்தாகி, தென்புறநகர் மக்கள் பேருந்துகளில் நெருக்கியடித்துப் போனது பலருக்கும் நினைவிருக்கும். தண்டவாளத்தைச் சேர்ப்பதற்கு எதற்கு இத்தனை நாள் ரயிலை நிறுத்த வேண்டும் என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

யார்டு என்றால் பல பாதைகள் பிரிந்து சேரும் இடம். ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றதற்குத் திருப்புபவை பாயின்ட்கள். பாயின்ட் ஒரு பக்கம் இருக்க, சிக்னல் வேறு பக்கத்துக்குப் பச்சை காட்டினால் விபத்துதான். இரண்டும் முரண்படவே முடியாதபடி பூட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் நெம்புகோல்களுக்கு நடுவே இரும்புப் பட்டைகள் குறுக்கே நின்று, தவறான நெம்புகோலை இழுக்க விடாமல் தடுத்தன. பிறகு அந்த வேலையை ரிலேக்கள் செய்தன. இப்போது கணினிகள் செய்கின்றன. ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் தனித்தனியே போட்டுப் பார்க்கும். விடைகள் ஒத்துப்போனால்தான் பச்சை. ஒத்துப்போகாவிட்டால், யார் சரி என்று சண்டை போடாமல் சிவப்பு.

பழைய இன்டர்லாக்கிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஒவ்வொரு பாயின்ட்டையும் ஒவ்வொரு சிக்னலையும் சோதித்து முடிக்கும்வரை அந்தப் பூட்டு இருக்காது. அந்த நாட்களில் பாயின்ட்டைக் கையால் திருப்பி, பூட்டி, ஆள் நின்று பார்த்து உறுதி செய்து, எழுத்து மூலம் அனுமதி கொடுத்துத்தான் ரயிலை விட முடியும். இயந்திரம் நொடியில் செய்வதை மனிதர் நிமிடக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதால் ரயில்களின் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னே ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு நேர்பாதைக்குப் பச்சை கிடைத்தது. பாயின்ட் பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் கம்பி இணைப்புகளை மாற்றும் வேலைகளில் நடந்த தவறுகளைக் காரணமாகச் சுட்டியது. கருவி தானாகப் பொய் சொல்லவில்லை. மனிதக் கை அதன் கம்பிகளை மாற்றிக் கட்டி, பொய் சொல்ல வைத்துவிட்டது.

ஃபெயில்-சேஃப் கருவியின் பலவீனம் இதுதான். தானாகக் கெட்டால் அது சிவப்பாகும். திறந்து, தவறாகத் திருத்தி, சோதிக்காமல் மூடினால் அதற்கு எதுவும் தெரியாது. பராமரிப்புக்குப் பிறகு செய்யும் சோதனையில் ஒரு நிமிடம்கூடச் சுருக்கக் கூடாது.

வண்டிக்குள்ளே

அதே யோசனை வண்டிக்குள்ளும் தொடர்கிறது. மோட்டார்மேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியை ஓடும்போது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிச் சாய்ந்தால் கை விலகும், கை விலகினால் அவசர பிரேக் விழும். பிரேக்கும் அப்படியே. ரயில் நெடுக ஓடும் குழாயில் காற்றழுத்தம் நிறைந்திருக்கும்போது பிரேக் தளர்ந்திருக்கும், அழுத்தம் குறைந்தால் இறுகும். நடுவில் பெட்டிகள் கழன்றால் குழாய் பிய்ந்து, காற்று வெளியேறி, இரண்டு பாதிகளும் தாமாகவே நின்றுவிடும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இந்தத் தானியங்கி பிரேக்கை உருவாக்கியதும் 1872-இல்தான். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் நடப்பது அதே காற்று வெளியேற்றம்தான்.

புதிய தலைமுறை ரயில்கள் இதன் மேல் சிக்கனத்தையும் சேர்த்திருக்கின்றன. அறுநூறு டன் ரயில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நடுத்தரக் குடும்பம் ஒன்று நான்கைந்து நாள் செலவழிக்கும் அளவு. பழைய ரயில்கள் ஒவ்வொரு நிலையத்திலும் அதை பிரேக் கட்டையில் தேய்த்துச் சூடாக்கி வீணடித்தன. தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை என்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் தடத்தில் அது பெரும் விரயம். புதிய ரயில்களில் பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. அருகில் கிளம்பும் இன்னொரு ரயில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். இழுத்த மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித் திரும்பிவிடுகிறது. ஆனால் ரயிலை நிறுத்தும் கடைசிப் பொறுப்பு இன்னமும் காற்று பிரேக்கிடம்தான். மேல்கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டாலும், மோட்டார் கெட்டாலும் அது வேலை செய்யும். சிக்கனம் பாதுகாப்பின் தோளில் ஏறி நிற்கலாம், அதன் இடத்தில் உட்காரக் கூடாது.

ஓட்டை எங்கே

இவ்வளவு கவனமான ஏற்பாட்டுக்குள் இன்னும் ஆட்கள் சாகிறார்கள் என்றால், இந்த யோசனை எட்டாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள்.

2018 ஜூலை 24 காலை கோடம்பாக்கம் பகுதியில் மேல்மின்கம்பியில் கோளாறு. புறநகர் ரயில்களை விரைவு ரயில்கள் போகும் பாதைக்கு மாற்றி விட்டார்கள். தாமதத்தால் கூட்டம் வழிந்தது. ஃபுட்போர்டில் தோளில் பையோடு தொங்கியவர்கள், பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார்கள். பல உயிர்கள் போயின. பின்னர் அந்தச் சுவர் அகற்றப்பட்டது. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கம்பியில் கோளாறு வந்தபோது கருவிகள் பாதுகாப்பாகவே விழுந்தன. சிக்னல் பொய் சொல்லவில்லை, ரயில் தடம் புரளவில்லை. ஆனால் கருவி பாதுகாப்பாக நின்றபின் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஏற்பாடு இல்லை. திறந்த கதவு, வழக்கமில்லாத பாதை, நெருங்கி நின்ற சுவர், வழக்கத்தைவிட அதிகமான கூட்டம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

ஃபுட்போர்டில் தொங்குவது பயணியின் தவறு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. மோட்டார்மேன் மயங்குவார் என்று எதிர்பார்த்துக் கைப்பிடி செய்த பொறியியலுக்கு, அவசரத்தில் இருக்கும் தொழிலாளி தொங்குவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனிதத் தவறைத் திட்டுவது அறிவுரை. அதை எதிர்பார்த்துக் கருவி செய்வதே பொறியியல்.

2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதில் கதவுகள் தாமாக மூடும், எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி நகரும். சிக்னலில் ராபின்சன் செய்ததைக் கதவில் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய் என்று தொடங்கியது. சாதாரணக் கட்டணத்தில் போகிறவருக்குத் திறந்த கதவுதான். 2025 ஜூன் 9 அன்று மும்பை புறநகரின் மும்ப்ராவில் தொங்கிச் சென்ற பயணிகள் விழுந்து இறந்தபின், ஏசி இல்லாத ரயில்களிலும் தானியங்கிக் கதவு வைக்கப்போவதாக ரயில்வே அறிவித்தது. கதவிலேயே காற்றுப் புகும் பட்டைகள், கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி போகும் வழி என்பது அதன் வடிவம். அது சென்னைக்கும் வர வேண்டும். மூடிய கதவு கூடுதல் பணம் கொடுப்பவருக்கான வசதியாக இருக்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை லெவல் கிராசிங். கேட் மூடி, பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை கிடைக்கும் என்று செய்துவிட்டால், கேட்கீப்பர் மறந்தாலும் ரயில் நிற்கும். அப்படி இன்டர்லாக் செய்யாத கேட்டில் எல்லாமே ஒரு மனிதரின் நினைவையும் ஒரு தொலைபேசிப் பேச்சையும் நம்பி இருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தது அப்படிப்பட்ட கேட்டில்தான். கடந்து போகும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி வரும் எண் 20,000-ஐத் தாண்டினால் கேட்டை இன்டர்லாக் செய்வது என்றிருந்த வரம்பை, அந்த விபத்துக்குப் பிறகு 10,000-ஆகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதுதான். ஆனால் போக்குவரத்து குறைவான கேட்டிலும் போகிறவர் உயிர் அதே உயிர். எந்த எண்ணும் இல்லாமல் எல்லாக் கேட்டும் இன்டர்லாக் ஆக வேண்டும், அல்லது சுரங்கப்பாதையாகவோ மேம்பாலமாகவோ மாற வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியது

இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்கலாம். பெருங்களத்தூரிலும் மேடவாக்கத்திலும் எழும்பும் அடுக்குமாடிகளின் லிஃப்ட்டில், கயிறு அறுந்தால் பற்றிக்கொள்ளும் பிடிகள் உண்டு. எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க்கில் கூட்டத்தின் முன்னால் கயிற்றை வெட்டிக் காட்டி நிரூபித்த யோசனை அது.

ஆனால் எல்லாப் பாதுகாப்புக் கருவியும் ஃபெயில்-சேஃப் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு மின்பலகையில் இருக்கும் ஆர்சிசிபி அதற்கு உதாரணம். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கும். 30 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே, அதாவது யாரோ ஒருவரின் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் போகக்கூடும் என்று தெரிந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கும். வெள்ளம் புகும் வீடுகளுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் அதன் உள்ளிருக்கும் வில் துருப்பிடித்து இறுகிவிட்டால், அது சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வீட்டில் விளக்கு எரியும், மின்விசிறி ஓடும், காப்பு மட்டும் இருக்காது. அதனால்தான் அதன் முகத்தில் 'டி' என்று எழுதிய சோதனைப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் மின்சாரம் போக வேண்டும். போகாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். தானாகச் சிவப்பு காட்டத் தெரியாத கருவியை நாம்தான் போய் விசாரிக்க வேண்டும்.

பயணிக்கு ஒரு வார்த்தை

தானியங்கி சிக்னலில் சிவப்பு விழுந்தால் மோட்டார்மேன் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, பிறகு கண்ணால் பார்த்தபடி மெதுவாக நகர்த்தலாம் என்று விதி இருக்கிறது. ரயில் ஊர்ந்து போவது அதனால்தான். கருவி விட்ட இடத்தை மனிதக் கவனம் நிரப்பும் நேரம் அது. அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்தும் எந்த நெருக்கடியும் ஆபத்தானது.

அதைவிட ஆபத்தானது நாம் செய்யும் ஒரு காரியம். நின்ற ரயிலிலிருந்து குதித்து, பக்கத்துத் தண்டவாளம் வழியாக அடுத்த நிலையத்துக்கு நடந்துபோவது. நம் ரயிலுக்குச் சிவப்பு விழுந்திருக்கிறது, பக்கத்துப் பாதைக்கு விழவில்லை. நாம் தண்டவாளத்தில் நடப்பதை எந்த ட்ராக் சர்க்யூட்டும் அறியாது, எந்த ஆக்ஸில் கவுன்ட்டரும் எண்ணாது. மனித உடல் அவற்றின் கணக்கில் வராது. அந்தக் கணம் நாம் நூற்றைம்பது ஆண்டுப் பொறியியலின் பாதுகாப்பை விட்டு வெளியே போகிறோம்.

ஆகவே ரயில் நின்றால் உள்ளேயே இருங்கள். கோளாறு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால் நிலைய அதிகாரிக்கும் உங்கள் தொகுதி எம்பிக்கும் எழுதுங்கள். மூடும் கதவு எப்போது வரும், தண்ணீர் தேங்கும் இடத்தில் என்ன கருவி வைத்தீர்கள், எங்கள் கேட் இன்டர்லாக் ஆகிவிட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏன் தாமதம்" என்ற கேள்விக்கு மன்னிப்பு அறிவிப்பு கிடைக்கும். "பழுதானால் இது எந்தப் பக்கம் விழும்" என்ற கேள்விக்குத்தான் உயிரைக் காக்கும் பதில் கிடைக்கும்.